வாகன பேட்டரியில் இயங்கும் பயணக் குளிர்பெட்டி

பயணக் குளிர்பெட்டி என்பது காரிலோ வேனிலோ ஏற்றிச் செல்லத்தக்க, வண்டியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டி ஆகும். மின் இணைப்பு இல்லாத இடங்களில் கூடாரம் அடித்துத் தங்குவோர் பால், இறைச்சி, காய்கறி, மருந்து ஆகியவற்றைக் கெடாமல் வைத்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகின்றனர். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னாக்கி, அதாவது ஆல்டர்னேட்டர், இதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துவிடுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் முழுச் சுமையும் பேட்டரியின் மேல் விழுகிறது. அதே பேட்டரிதான் மறுநாள் வண்டியையும் கிளப்ப வேண்டும். குளிர்பெட்டியை இயக்கும் பேட்டரியையும் வண்டியைக் கிளப்பும் பேட்டரியையும் எவ்வாறு பிரித்து வைப்பது, எத்தனை நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை எவ்வாறு கணக்கிடுவது ஆகிய இரண்டுமே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கேள்விகள்.

பின்னணி

பயணக் குளிர்பெட்டி மிகப் பரவலாகப் புழங்கும் நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று. அந்நாட்டின் உள்பகுதியில் ஊர்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள கேனிங் ஸ்டாக் ரூட் என்னும் பழைய மாட்டு மந்தைத் தடம் சுமார் 1,850 கி.மீ. நீளமானது. அதில் செல்வோர் வாரக்கணக்கில் பாலைவனத்திலேயே தங்க வேண்டியிருக்கும். கடும் வெயிலின் காரணமாக, சிம்ப்சன் பாலைவனத்தில் உள்ள பூங்காக்கள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்படுகின்றன.

இத்தகைய வறண்ட நிலத்தில் உணவைக் காப்பதற்கு அந்நாட்டு மக்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளைக் கண்டனர். 1890களில் கூல்கார்டி என்னும் தங்கச் சுரங்க ஊரில், ஈரச் சாக்குத்துணி போர்த்திய அலமாரி ஒன்று உருவானது. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்ந்தது. மண்பானை நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். பின்னர் 1950களில் பனிக்கட்டி நிரப்பிய காப்புப் பெட்டி பரவியது. பனிக்கட்டி இரண்டு மூன்று நாட்களில் உருகிவிடும். உருகிய நீரில் உணவும் நனையும். இந்தக் குறையை நீக்கியது 12 வோல்ட்டில் இயங்கும் கம்ப்ரசர் குளிர்பெட்டி. ஆனால் பனிக்கட்டி தீர்ந்தால் உணவு மட்டுமே கெடும்; பேட்டரி தீர்ந்தால் வண்டியே நின்றுவிடும். இந்தப் புதிய இடரும் அதனுடன் வந்து சேர்ந்தது.

குளிர்பெட்டியின் வகைகள்

வண்டியில் பயன்படுத்தும் குளிர்பெட்டிகள் மூன்று வகைப்படும். மின்சாரச் செலவில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு.

வெப்பமின் வகை: இரு வேறு பொருள்களின் சந்திப்பு வழியே மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும். 1834இல் பெல்டியே கண்டறிந்த இந்த விளைவே இவ்வகையின் அடிப்படை. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெளி வெப்பநிலையைவிட ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரைதான் இதனால் குளிர்விக்க முடியும். வெளியே 40 °C இருந்தால் உள்ளே 20 °C-க்குக் கீழே போவது கடினம். பெரும்பாலானவற்றில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாததால் 4 முதல் 5 ஆம்பியர் வரை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

உறிஞ்சல் வகை: அம்மோனியா கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் இந்த முறையை 1920களின் தொடக்கத்தில் சுவீடன் மாணவர்களான வான் பிளாட்டன், முன்டர்ஸ் ஆகியோர் உருவாக்கினர். எரிவாயு, வீட்டு மின்சாரம், 12 வோல்ட் ஆகிய மூன்றிலும் இயங்கும். எரிவாயுவில் சிக்கனமானது. 12 வோல்ட்டிலோ 10 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும் என்பதால் வண்டி ஓடும்போது மட்டுமே அதில் இயக்குவது வழக்கம். சமதளத்தில் இல்லாவிட்டால் சரியாகக் குளிர்விக்காது.

கம்ப்ரசர் வகை: வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சிறிய வடிவம். 40 முதல் 50 லிட்டர் கொள்ளளவு கொண்ட பெட்டி ஓடும்போது 3 முதல் 5 ஆம்பியர் வரை எடுக்கும். வேண்டிய குளிர்ச்சி வந்ததும் தானே நின்றுவிடும். உறைநிலைக்குக் கீழும் குளிர்விக்க வல்லது. பேட்டரியில் இயக்க இதுவே ஏற்றது. இக்கட்டுரையில் இனிக் கூறப்படுவன இவ்வகைக்கே உரியவை.

இரு வகை பேட்டரிகள்

ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 1912இல் கடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்ற பின்னர், எஞ்சினைக் கிளப்புவது பேட்டரியின் முதன்மை வேலையாயிற்று. அந்த வேலைக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை; ஆனால் சில நொடிகளுக்கு மட்டும். எனவே ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தகட்டுப் பரப்பு கூடுதலாக இருப்பதால் பெரும் மின்னோட்டத்தை ஒரே மூச்சில் தர முடிகிறது. கிளப்பும்போது செலவாவது அதன் கொள்ளளவில் மிகச் சிறு பகுதியே. வண்டி ஓடத் தொடங்கியதும் அது நிரம்பிவிடும்.

குளிர்பெட்டியின் தேவை இதற்கு நேர்மாறானது. சில ஆம்பியர் போதும். ஆனால் இரவும் பகலும் வேண்டும். இதற்கென அமைந்தது ஆழ்சுழற்சி பேட்டரி. இதில் தகடுகள் தடிமனாக இருக்கும். பாதியளவு தீரும்வரை எடுத்து மீண்டும் நிரப்புவதை நூற்றுக்கணக்கான முறை தாங்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியை இப்படிப் பயன்படுத்தினால் தகட்டிலுள்ள செயற்பொருள் உதிரத் தொடங்கும். தீர்ந்த நிலையிலேயே விட்டுவைத்தால் ஈய சல்பேட்டு கெட்டியான படிகங்களாக மாறித் தகட்டை அடைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு நேரம் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சில முறை அடியோடு தீர்ந்தாலே ஒரு நல்ல ஸ்டார்ட்டர் பேட்டரி பாழாகிவிடக்கூடும்.

ஆம்பியர்-மணிக் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவு ஆம்பியர்-மணி என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் அது 1 ஆம்பியர்-மணி. குளிர்பெட்டியின் செலவை அறிய இரண்டு எண்கள் தேவை: ஓடும்போது எடுக்கும் மின்னோட்டம், மணிக்கு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பது.

எடுத்துக்காட்டாக, ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும் பெட்டி மிதமான வானிலையில் மணிக்கு 24 நிமிடம் ஓடுவதாகக் கொள்வோம். அது 40 விழுக்காடு நேரம். எனவே சராசரி மின்னோட்டம் 4 × 0.4 = 1.6 ஆம்பியர். ஒரு நாள் செலவு 1.6 × 24 = 38.4 ஆம்பியர்-மணி. வெயில் 40 °C-ஐத் தொட்டு, பெட்டி 65 விழுக்காடு நேரம் ஓடினால் சராசரி 2.6 ஆம்பியர், நாளொன்றுக்கு 62.4 ஆம்பியர்-மணி. பெட்டி ஒன்றுதான், அமைத்த குளிர்நிலையும் ஒன்றுதான். வானிலை மட்டுமே செலவை ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்த்திவிடுகிறது.

இரண்டாம் நாள் சிக்கல்

இனி இந்தப் பெட்டியை 65 ஆம்பியர்-மணி கொண்ட புதிய ஸ்டார்ட்டர் பேட்டரியில் மட்டும் இணைத்ததாகக் கொள்வோம். மாலை 6 மணிக்கு வண்டியை நிறுத்தி மறுநாள் காலை 8 மணிக்குக் கிளப்பினால் இடைப்பட்ட 14 மணி நேரத்தில் செலவாவது 22.4 ஆம்பியர்-மணி. பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீதம் இருக்கும். வண்டி கிளம்பிவிடும்.

ஏமாற்றுவது இந்த முதல் இரவுதான். ஒருமுறை கிளம்பிய வண்டி மறுமுறையும் கிளம்பும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அடுத்த பயணத்தில் இடம் பிடித்துப்போய் வண்டியை நகர்த்தாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், 22.4 உடன் 38.4 சேர்ந்து மொத்தச் செலவு 60.8 ஆம்பியர்-மணி ஆகிறது. 65இல் 60.8 போனால் ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலு பேட்டரியில் இராது. பேட்டரி மூன்று நான்கு ஆண்டு பழையதாகி அதன் உண்மைக் கொள்ளளவு 40ஆகக் குறைந்திருந்தால் முதல் இரவே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். விடியற்காலைக் குளிர் நிலைமையை மேலும் மோசமாக்கும். குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டருக்கு மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்படும். பேட்டரியோ குளிரில் குறைவாகவே தரும்.

முற்காலத்து வண்டிகளைப் போல இன்றைய வண்டிகள் பலவற்றைத் தள்ளிக் கிளப்ப இயலாது. தானியங்கி கியர் கொண்டவற்றுக்கு அந்த வழியே இல்லை. கைப்பேசித் தொடர்பும் கிடைக்காத இடத்தில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மின்னழுத்தம் காட்டும் அளவு

பேட்டரியில் எவ்வளவு மீதம் உள்ளது என்பதை வோல்ட்மானியால் ஓரளவு அறியலாம். மின்னேற்றமும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கான அளவுகள் தோராயமாகப் பின்வருமாறு:

12.7 வோல்ட் – முழுமையாக நிரம்பியது
12.4 வோல்ட் – நான்கில் மூன்று பங்கு
12.2 வோல்ட் – பாதி
12.0 வோல்ட் – கால் பங்கு
11.8 வோல்ட்டும் அதற்குக் கீழும் – ஏறத்தாழ தீர்ந்துவிட்டது

கம்ப்ரசர் குளிர்பெட்டிகளில், மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானே நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. இதை நம்பி ஸ்டார்ட்டர் பேட்டரியில் இணைப்போர் பலர். ஆனால் பல பெட்டிகளில் தொடக்க அமைப்பு 10.4 வோல்ட் அளவில் இருக்கும். மேலே உள்ள பட்டியலுடன் ஒப்பிட்டால் அந்த நிலையில் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும் என்பது விளங்கும். அது பேட்டரியை அடியோடு வற்றாமல் காக்கும் ஏற்பாடே தவிர, வண்டி கிளம்புவதற்கான உறுதி அன்று. புதிய பெட்டிகள் பலவற்றில் 'குறைவு, நடுத்தரம், உயர்வு' என மூன்று நிலைகள் உள்ளன. ஸ்டார்ட்டர் பேட்டரியில் இணைக்கும்போது 'உயர்வு' நிலையும், தனி பேட்டரியில் இணைக்கும்போது தாழ்ந்த நிலைகளும் பொருந்தும். பெட்டியுடன் வரும் கையேட்டில் அந்நிலைகளுக்குரிய வோல்ட் அளவுகள் தரப்பட்டிருக்கும்.

இரட்டை பேட்டரி அமைப்பு

இச்சிக்கலுக்கு நிலையான தீர்வு, குளிர்பெட்டிக்கெனத் தனியாக இரண்டாவது பேட்டரி ஒன்றைப் பொருத்துவது. இரண்டாவது பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும் முதல் பேட்டரி தொடப்படாமல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டும் மின்னேற்றம் பெற வேண்டும். நின்றதும் இரண்டும் பிரிய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, மின்னழுத்தம் உணரும் ரிலே. எஞ்சின் ஓடி முதல் பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 13.2 வோல்ட்டைத் தாண்டியதும் இது இரு பேட்டரிகளையும் இணைக்கும். எஞ்சின் நின்று 12.7 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் துண்டிக்கும். எளிமையானது; விலையும் குறைவு. மின்னாக்கி 13.8 முதல் 14.4 வோல்ட் வரை சீராகத் தரும் பழைய வண்டிகளுக்கு ஏற்றது.

இரண்டாவது, நேர்மின் மாற்றி மின்னேற்றி. கடைகளில் இது டிசி-டிசி சார்ஜர் எனப்படும். மின்னாக்கி தரும் மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய அளவாக இது மாற்றித் தருகிறது. 20, 25, 40 ஆம்பியர் எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக, முதல் பேட்டரி நிரம்பியதும் மின்னாக்கியின் மின்னழுத்தத்தைக் கணினியே குறைத்துவிடுகிறது. அத்தகைய வண்டியில் சாதாரண ரிலே பொருத்தினால் இரண்டாவது பேட்டரி ஒருபோதும் நிரம்பாது. அங்கே மின்னேற்றி கட்டாயம் தேவை.

வண்டியில் எதையும் பொருத்த விரும்பாதவர்கள், பேட்டரி, மின்னேற்றி, இணைப்புத் துளைகள் அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கையடக்க மின் நிலையங்களைப் பயன்படுத்துகின்றனர். இவற்றின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படும். அதை 12.8ஆல் வகுத்தால் தோராயமான ஆம்பியர்-மணி கிடைக்கும். 500 வாட்-மணி என்பது ஏறத்தாழ 39 ஆம்பியர்-மணி. மேற்கண்ட பெட்டிக்கு மிதமான வானிலையில் ஒரு நாள் செலவு.

எந்த பேட்டரி, எவ்வளவு பெரியது?

இரண்டாவது பேட்டரியாகப் பெரும்பாலும் இரண்டு வகைகள் பயன்படுகின்றன. ஏஜிஎம் எனப்படுவது, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த, மூடப்பட்ட ஈய-அமில பேட்டரி. நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் இதன் கொள்ளளவில் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுக்கலாம். எடை ஏஜிஎம் பேட்டரியில் பாதிக்கும் குறைவு, விரைவாக மின்னேறும், விலை அதிகம். உறைநிலைக்குக் கீழான குளிரில் இதை மின்னேற்றக் கூடாது. எஞ்சின் அறையின் வெப்பமும் இதற்கு ஆகாது.

அளவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு எளிது. வண்டியை நகர்த்தாமல் இரண்டு நாள் தங்க வேண்டும், நாளொன்றுக்கு 38.4 ஆம்பியர்-மணி எனில் மொத்தம் 76.8. இதற்கு ஏஜிஎம் வகையில் 76.8 ÷ 0.5 = 154 ஆம்பியர்-மணி தேவை. லித்தியம் வகையில் 76.8 ÷ 0.8 = 96 ஆம்பியர்-மணி போதும். விளக்கு, கைப்பேசி, நீர் இறைக்கும் பம்ப் ஆகியவற்றின் செலவைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பியும் இணைப்பும்

பேட்டரி நிறைந்திருந்தும் குளிர்பெட்டி அடிக்கடி நின்றுவிடுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் மெல்லிய கம்பி. 12 வோல்ட்டில் அரை வோல்ட் இழப்பும் பெரிது.

எஞ்சின் அறையிலிருந்து வண்டியின் பின்பகுதிக்கு 6 மீட்டர் தூரம் எனில், போகவும் வரவும் மின்னோட்டம் 12 மீட்டர் செம்புக் கம்பியைக் கடக்கிறது. 5 ஆம்பியர் பாயும்போது, 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டு கொண்ட கம்பியில் சுமார் 1 வோல்ட் இழப்பு ஏற்படும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.4 வோல்ட், 6 சதுர மி.மீ. கம்பியில் 0.17 வோல்ட். பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்கையில் முதல் கம்பியின் முனையில் குளிர்பெட்டி காண்பது 11.2 வோல்ட்டே. பேட்டரி தீர்ந்ததாக எண்ணி அது நின்றுவிடும். கம்ப்ரசர் நின்றதும் மின்னழுத்தம் உயரும், சற்று நேரத்தில் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். இப்படி விட்டு விட்டு இயங்கும் பெட்டியின் உள்ளே குளிர்ச்சி தங்காது.

ஆஸ்திரேலியக் கடைகளில் கம்பி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு '6 மி.மீ. ஆட்டோ கேபிள்' என விற்கப்படுவது 6 சதுர மி.மீ. செம்பு அன்று. அந்த எண், உறையுடன் சேர்த்த விட்டத்தைக் குறிப்பது. உள்ளே உள்ள செம்பின் குறுக்குவெட்டு சுமார் 4.6 சதுர மி.மீ. மட்டுமே. '4 மி.மீ.' எனப்படுவதில் செம்பு 2 சதுர மி.மீ.-ஐக்கூட எட்டாது. எனவே சதுர மி.மீ. அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வண்டியின் சிகரெட் லைட்டர் துளை குளிர்பெட்டிக்கு ஏற்ற இணைப்பு அன்று. சலவைப் பலகை போல் அலையலையாகக் கிடக்கும் மண்சாலையில் செருகி தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடி, செருகி சூடாகி உருகுவதும் உண்டு. பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் அத்துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். இரவு முழுவதும் பெட்டி ஓடுவதாக எண்ணிப் படுத்தவர்கள் காலையில் கெட்ட உணவைக் காண்பதற்கு இதுவே காரணம். ஆகவே பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, திருகு மூடியுள்ள செருகியோ, 50 ஆம்பியர் தாங்கும் ஆண்டர்சன் பிளக்கோ பொருத்துகின்றனர்.

12 வோல்ட்டை இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட்டாக்கி, குளிர்பெட்டியின் வீட்டுச் செருகியில் இணைப்பதும் தவறான வழக்கம். அந்த மின்சாரத்தைப் பெட்டி மீண்டும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கே மாற்றுகிறது. இரு மாற்றங்களிலும் இழப்பு ஏற்படும்.

மீண்டும் நிரப்புதல்

நாள்தோறும் இடம் மாறுவோருக்கு வண்டி ஓடுவதே போதுமான மின்னேற்றம். 25 ஆம்பியர் மின்னேற்றி இரண்டு மணி நேர ஓட்டத்தில் 50 ஆம்பியர்-மணி வரை தரும். லித்தியம் பேட்டரி இதை ஏறத்தாழ முழுமையாக ஏற்கும். ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைவாகவே ஏற்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்பவே பல மணி நேரம் ஆகும்.

ஒரே இடத்தில் தங்குவோருக்குச் சூரிய மின்தகடு உதவும். 120 வாட் தகடு, நல்ல வெயிலுக்கு இணையான 5 மணி நேரம் ஒளி பெற்றால் கணக்குப்படி 600 வாட்-மணி. சூடு, தூசி, சாய்வு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பு போக 70 விழுக்காடு எனக் கொண்டால் 420 வாட்-மணி. அதாவது சுமார் 33 ஆம்பியர்-மணி. மிதமான வானிலையில் ஒரு நாள் செலவில் பெரும்பகுதியை இது ஈடுகட்டும். தகட்டையும் பேட்டரியையும் நேரடியாக இணைக்காமல் இடையில் மின்னேற்றக் கட்டுப்படுத்தியைப் பொருத்த வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, நீண்ட கம்பியுடன் தகட்டை வெயிலில் வைப்பதே சிறந்தது. தகட்டின் சிறு பகுதியில் மரநிழல் விழுந்தாலும் மின்னுற்பத்தி பெருமளவு குறையும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

பெரிய பேட்டரி வாங்குவதைவிடக் குளிர்பெட்டியின் வேலையைக் குறைப்பது மலிவானது. புறப்படுவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிர்வித்து, முன்பே குளிர்ந்த பொருள்களையே அதில் அடுக்க வேண்டும். 35 °C வெப்பத்தில் உள்ள 10 லிட்டர் தண்ணீரை 4 °C-க்குக் கொண்டுவர அதிலிருந்து சுமார் 360 வாட்-மணி வெப்பத்தை நீக்க வேண்டும். இதற்குப் பெட்டி ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணியோ அதற்கு மேலோ செலவிடும். வெதுவெதுப்பான பத்து பாட்டில்களை மாலையில் உள்ளே வைப்பது ஓர் இரவுச் செலவைக் கூட்டுவதற்குச் சமம்.

பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்க வேண்டும். போர்வை, பை ஆகியவற்றால் கம்ப்ரசர் பக்கத்துத் துளைகளை அடைத்தால் வெப்பம் வெளியேறாமல் செலவு கூடும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காரின் உட்புறம் வெளியைவிட மிகச் சூடாகும். கண்ணாடிக்குத் திரையிடுவது நலம். மேலே திறக்கும் பெட்டியில், திறக்கும்போது கனமான குளிர்காற்று உள்ளேயே தங்கும். பாதி காலியான பெட்டியில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் குளிர்ச்சி நிலைக்கும்.

உணவும் மருந்தும்

உணவு கெடாமல் இருக்க 5 °C அல்லது அதற்குக் குறைவான வெப்பநிலை வேண்டும் என்பது ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி. 5 °C முதல் 60 °C வரை நோய்க்கிருமிகள் பெருகும் எல்லை. குளிர்பெட்டி இரவில் நின்று காலையில் மீண்டும் ஓடியிருந்தால், தொட்டுப் பார்க்கையில் பொருள் குளிர்ந்தே இருக்கும். இடையில் நிகழ்ந்தது தெரியாது. எனவே உள்ளே ஒரு வெப்பமானி வைப்பது, அதிலும் உச்ச அளவைப் பதிவு செய்வதாக இருப்பது நல்லது.

இன்சுலின் எடுத்துச் செல்வோருக்கு இது இன்னும் முக்கியமானது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 °C-க்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. கம்ப்ரசர் பெட்டியின் அடியும் பக்கச் சுவர்களும் உறைநிலைக்கு இறங்கக்கூடும் என்பதால் மருந்தைச் சுவரில் ஒட்டாமல், தனிப் பெட்டியில், மேற்பகுதியில் வைக்க வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை குளிர்பெட்டி ஒன்றையே நம்பாமல், மின்சாரம் தேவைப்படாத குளிர்ப்பை ஒன்றையும் உடன் வைத்திருப்பது பாதுகாப்பானது.

பாதுகாப்பு

12 வோல்ட் மின்சாரம் தொட்டால் அதிர்ச்சி தராது. ஆனால் பேட்டரியின் முனைகள் குறுக்கே இணைந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி தீப்பற்றும். ஆகவே பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் உருகி, அதாவது பியூஸ், இருக்க வேண்டும். இரு பேட்டரிகளை இணைக்கும் கம்பியில் இரு முனைகளிலும் உருகி தேவை. ஏனெனில் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயக்கூடும். உருகியின் அளவு கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உருகி காப்பது கருவியை அன்று, கம்பியை.

திரவ அமிலம் கொண்ட சாதாரண பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அதை ஆட்கள் அமரும் இடத்தில் வைக்கக் கூடாது. எந்த பேட்டரியானாலும், வண்டி திடீரென நின்றாலும் கவிழ்ந்தாலும் பறக்காதபடி திருகி இறுக்க வேண்டும். குளிர்பெட்டிக்கும் இது பொருந்தும். பொருள் நிறைந்த பெட்டி 40 கிலோவைத் தாண்டக்கூடும்.

வண்டி கிளம்பாவிட்டால்

முதலில் குளிர்பெட்டியையும் மற்ற சுமைகளையும் துண்டிக்க வேண்டும். ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவது மீதமுள்ளதையும் தீர்த்துவிடும். சூரியத் தகடு இருந்தால் கட்டுப்படுத்தியின் வழியே அதை ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மாற்றி, சில மணி நேரம் வெயிலில் விட்டால் கிளம்பும் அளவுக்கு மின்னேறக்கூடும்.

வேறொரு வண்டியின் உதவி கிடைத்தால் இணைப்புக் கம்பிகளைப் பொருத்தும் வரிசை முக்கியமானது. சிவப்புக் கம்பியின் ஒரு முனையைத் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் பொருத்த வேண்டும். பின்னர் கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், அதன் மறுமுனையைக் கிளம்பாத வண்டியின் எஞ்சினில் பேட்டரிக்குச் சற்றுத் தொலைவான உலோகப் பகுதியிலும் பொருத்த வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால் அது பேட்டரியிலிருந்து எழும் வாயுவுக்கு அருகில் நிகழக் கூடாது. எஞ்சின் கிளம்பிய பிறகு இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றிக் கழற்ற வேண்டும். ஆளரவமற்ற பகுதிகளுக்குத் தனி வண்டியில் செல்வோர், உள்ளங்கையில் அடங்கும் லித்தியம் ஸ்டார்ட்டர் கருவி ஒன்றை நிரப்பி உடன் எடுத்துச் செல்வது வழக்கம். அதைக் கைப்பேசி மின்னேற்றப் பயன்படுத்தித் தீர்த்துவிடாமல் இருக்க வேண்டும்.